'சுல்தான்ஸ்' தவிர அந்த ஆல்பத்தில் வேறு என்ன இருக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் முதல் ஆல்பத்தில் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. மீதி எட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. வண்ணார்பேட்டையில் இருக்கிறேன், கிடார் கற்றுக்கொள்கிறேன். அந்த எட்டில் எதையாவது வாசித்துப் பழகலாமா, இல்லை அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடலாமா?" பார்த்தால் ஒரு கேள்விதான், உள்ளே இரண்டு இருக்கிறது. இது ஒரே பாட்டால் பேர் வாங்கிய ஆல்பமா என்பது ஒன்று. ஊரே தூக்கிவைத்துப் பேசுகிறதே, எனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை, என் காதில்தான் கோளாறா என்பது இன்னொன்று. அதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறீர்கள். காதில் கோளாறு இல்லை. அந்த எட்டும் முதல் தடவையில் பிடிபடாத பாட்டுகள். எனக்குப் பிடிபட ஏழெட்டு வருஷம் ஆனது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் சர்ச் பாடகர் குழுவில் கீர்த்தனைகளுக்கு ரிதம் வாசித்தவன். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸில் கழுத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவன். ஆகவே கை, கம்பி, சத்தம் பற்றிச் சொல்வதை நீங்கள் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பாட்டு வரிகளுக்குச் சொல்லும் பொருள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட ஒருவனின் அபிப்பிராயம். அதை அந்த அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் அந்த ஒரு பாட்டு மட்டும் ஏன் எல்லாரையும் சேர்ந்தது என்று பார்ப்போம். 1977இல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில், அரசுக் குடியிருப்பு ஒன்றில் சேர்ந்த நான்கு பேர்தான் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழு. பாடி, முன்னணிக் கிடார் வாசித்து, பாட்டும் எழுதிய மார்க் நாஃப்ளர் அதற்கு முன் பத்திரிகை நிருபர், அப்புறம் கல்லூரி ஆசிரியர். ரிதம் வாசித்த டேவிட் அவருடைய தம்பி, சமூகப் பணி பார்த்தவர். பேஸ் கிடார் ஜான் இல்ஸ்லி படித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் வாசித்த பிக் விதர்ஸ் ஒருவர்தான் ஏற்கெனவே ஸ்டூடியோக்களில் வாசித்துப் பிழைத்தவர். குழுவின் பெயருக்கே 'படுமோசமான நெருக்கடி' என்றுதான் அர்த்தம், அவர்கள் பர்ஸும் அப்படித்தான் இருந்தது. 120 பவுண்டு செலவழித்து ஐந்து பாட்டுகளை மாதிரி டேப்பாகப் பதிவு செய்தார்கள். பிபிசி ரேடியோ லண்டனில் சார்லி கில்லெட் என்பவர் நடத்திய நிகழ்ச்சியில் அந்த டேப் ஒலித்தது. அதைக் கேட்டுத்தான் ஃபோனோகிராம் கம்பெனி ஒப்பந்தம் போட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த டேப்பில் இருந்த ஐந்தில் நான்கு ஆல்பத்துக்கும் வந்தன: 'சுல்தான்ஸ்', 'வாட்டர் ஆஃப் லவ்', 'டவுன் டு தி வாட்டர்லைன்', 'வைல்ட் வெஸ்ட் எண்ட்'. அதாவது நீங்கள் தள்ளிவிட்ட எட்டில் மூன்று, அவர்கள் "எங்களைப் பாருங்கள்" என்று முதன்முதலில் நீட்டியவை. ஆல்பத்தை நிரப்ப எழுதியவை அல்ல. ஆல்பம் 1978 பிப்ரவரியில் தொடங்கி மூன்று வார அளவில், லண்டன் பேஸிங் தெரு ஸ்டூடியோவில், 12,500 பவுண்டு செலவில் பதிவானது. தயாரிப்பு மஃப் வின்வுட். அதே வருஷம் வெளிவந்தது. 'சுல்தான்ஸ்' தனி ரெக்கார்டாக முதலில் வந்தபோது இங்கிலாந்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்க வானொலிகள் பிடித்துக்கொண்ட பிறகு 1979இல் அங்கே 4ஆம் இடம், இங்கிலாந்தில் 8ஆம் இடம். அந்த வெளிச்சத்தில் மற்ற எட்டும் நிழலுக்குள் போய்விட்டன. நம் ஊரில் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒரே பாட்டு ஓடி ஓடி, அந்தப் படத்தில் வேறு பாட்டு இருந்ததே மறந்துபோகுமில்லையா, அது மாதிரி.

"ஒரே மாதிரி இருக்கிறது" என்கிறீர்களே, அதில் பாதி உண்மை. ஒன்பது பாட்டுக்கும் அதே இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். கீபோர்டு இல்லை, ஊதுகருவி இல்லை, வயலின் கூட்டம் இல்லை. 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பியானோ வந்து சேர்ந்ததும் ஆளே மாறிவிட்டார்கள். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் கருவியில் கிடையாது, அழுத்தத்தில் இருக்கிறது. கம்பியை எவ்வளவு பலமாகத் தட்டுகிறார், எங்கே விட்டுவிடுகிறார், டிரம்மர் எந்த அடியை அடிக்காமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது. போனின் ஸ்பீக்கரில் கேட்டால் இது முழுவதும் போய்விடும், மிஞ்சுவது ஒரே சத்தம்தான். நம் பக்கத்தில் 'பைய' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே. பைய வா, பைய வை, பைய பேசு. மெதுவாக என்றும் அர்த்தம், சத்தமில்லாமல் என்றும் அர்த்தம், பதனமாக என்றும் அர்த்தம். இந்த ஆல்பத்தை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். அதுவும் எப்போது? லண்டனில் பங்க் இசை கொடிகட்டிப் பறந்து, மேடையில் கத்துகிறவனுக்குத்தான் மரியாதை என்றிருந்த 1977, 78இல்.

மார்க், கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக் வைத்து வாசிப்பதில்லை. (டிரம்மர் பெயர் பிக், கிடார்காரர் கையில் பிக் இல்லை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.) கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வாசிக்கும், மற்ற இரண்டும் பெரும்பாலும் கிடாரின் உடம்பில் ஊன்றி நிற்கும். வீணைக்காரர்கள் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டிவிட்டு, சுண்டுவிரலைத் தாளக் கம்பிக்கு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலைப் பங்கீடு வேறு என்றாலும், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குரல் உண்டு என்ற எண்ணம் ஒன்றுதான். பிக் எல்லா சுவரத்தையும் ஒரே உருவத்தில் கொடுக்கும். விரல் கொடுக்காது. கட்டைவிரலின் சதை பட்டால் ஒரு சத்தம், ஆள்காட்டி விரல் கம்பியைச் சுண்டி இழுத்துவிட்டால் வேறு சத்தம். 'சுல்தான்ஸ்' பாட்டில் கடைசியில் வேகம் வந்து எல்லார் வாயையும் பிளக்க வைப்பதால் அந்த நுணுக்கம் தனியாகக் கேட்காது. மற்ற எட்டில் கேட்கும்.

ஆல்பம் தொடங்குவதே 'டவுன் டு தி வாட்டர்லைன்' பாட்டில். டிரம்ஸ் இல்லாமல், ஆற்றில் மூடுபனிக்குள் கப்பல் ஊதுவது போல ஒரு கிடார் எங்கிருந்தோ மெல்ல எழும்பி வரும். அரை நிமிஷத்துக்கு மேல் அப்படியே மிதந்துவிட்டு, பிறகு டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டான ஹைஹேட் தட்டல் நுழைந்ததும் பாட்டு ஓடத் தொடங்கிவிடும். மார்க் வளர்ந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகருக்கு அருகே, கடற்கரை ஊரான பிளைத்தில். டைன் ஆற்றங்கரை, அதன் துறைமுகப் படிகள், அங்கே இருட்டில் சந்தித்துக்கொண்ட இளம் ஜோடி, அதைப் பல வருஷம் கழித்து ஒருவன் நினைத்துப் பார்ப்பது: பாட்டில் இவ்வளவுதான் கதை. படிக்கட்டின் பெயர்கூட நியூகாசிலில் இருக்கிற பெயர்தான். குறுக்குத்துறைப் படித்துறையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிற்பாடு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு இந்தப் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் அங்கே கப்பல், நிலக்கரி, பனி. இங்கே வெக்கை, ஈரவேட்டி, முருகன் கோயில் மணி.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது 'சவுத்பவுண்ட் அகெய்ன்'. மூன்று நிமிஷம்கூட வராது, ஆல்பத்திலேயே குட்டிப் பாட்டு. விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துபோவார்கள். மறுபடியும் தெற்கே கிளம்பிவிட்டேன், டைன் ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் அதே நினைப்புதான் என்று போகும். அதில் தெற்கு என்றால் லண்டன். இங்கிலாந்தில் வடக்கத்தி ஆட்கள் பிழைப்புத் தேடித் தெற்கே போகிறார்கள். நமக்கு அது தலைகீழ். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூருக்கு வடக்கே போவது பிழைப்பு, தெற்கே திரும்புவது வீடு. எண்பதுகளில் இதைக் கேட்டபோது, "தெற்கே போகிறேன்" என்று பாடுகிறானே, சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும், ஏன் இப்படி இழுக்கிறான் என்று எனக்குக் குழப்பம். வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. போகிறோமா, ஊரை விட்டுப் பிரிகிறோமா என்றே தெரியவில்லை என்ற அந்தத் தவிப்பு, பாளையங்கோட்டையிலிருந்து பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏறி, சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து ஜங்ஷனுக்குப் போகிறவனின் தவிப்பேதான். நானும் அப்படி ஒரு தடவை போனேன், எட்டு மாதத்தில் திரும்பிவிட்டேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

'வாட்டர் ஆஃப் லவ்' பாட்டில் கேட்கும் உலோகச் சத்தம் சாதாரணக் கிடாருடையது இல்லை. நேஷனல் என்ற கம்பெனி 1937இல் செய்த கிடார். மரத்துக்குப் பதில் உலோக உடம்பு, உள்ளே ஒலிபெருக்கி மாதிரி குவிந்த அலுமினியத் தகடு. மின்சார ஆம்ப் பரவுவதற்கு முன்னால், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கிடார் கேட்க வேண்டும் என்பதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு. உடம்பு பளபளவென்று நிக்கல் பூச்சோடு, தென்னை மரங்கள் பொறித்து இருக்கும். பின்னால் 1985இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் வானத்தில் மிதக்கிறதே, அதே கிடார்தான். 'சுல்தான்ஸ்' பாட்டையே முதலில் இந்த நேஷனல் கிடாரில்தான் மார்க் எழுதினார். சப்பென்று இருந்ததாம். 1977இல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற மின்சாரக் கிடாரை வாங்கி அதில் வாசித்ததும்தான் உயிர் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'வாட்டர் ஆஃப் லவ்' வறட்சியைப் பற்றிய பாட்டு. தண்ணீர் எங்கோ ஆழத்தில் இருக்கிறது, இங்கே ஒரு சொட்டு இல்லை என்பான். காதலைச் சொல்கிறான் என்பது தெரியும். ஆனாலும் வானம் பார்த்த பூமிக்காரர்கள், கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள், அதை வேறு மாதிரியும் கேட்பார்கள். என் மாணவன் ஒருவன் "சார், இது போர்வெல் பாட்டு" என்றான். தப்பில்லை.

'சிக்ஸ் பிளேடு நைஃப்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் சிறப்பே. ஆறு அலகு வைத்த மடக்குக் கத்திக்கு ஒரு பெண்ணை ஒப்பிட்டு, அவளால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்ய முடியும் என்று முணுமுணுப்பது. பாதி நேரம் யாரும் எதுவும் வாசிக்காதது போலவே இருக்கும். 'செட்டிங் மீ அப்' கிராமிய கன்ட்ரி தாளத்தில் துள்ளுகிற கோபப் பாட்டு. ஏமாற்றியவளைத் திட்டுகிறது, அவ்வளவுதான். ஆல்பத்திலேயே எனக்கு மதிப்புக் குறைந்தது இது. ஆனால் கிடார்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. ஆல்பர்ட் லீ தன் ஆல்பத்தில் பாடினார், எரிக் கிளாப்டன் குழுவில் சேர்ந்த பிறகு மேடையிலும் பாடினார். பெரிய கைகள் இரவல் வாங்கிய பாட்டை நான் குறைத்துச் சொல்கிறேன் என்றால் என் ரசனையையும் நீங்கள் சந்தேகிக்கலாம்.

இனி 'இன் தி கேலரி'. இதைப் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஆறே கால் நிமிஷம், ஆல்பத்திலேயே நீளமான பாட்டு. 'சுல்தான்ஸ்' முடிந்த கையோடு இது வரும். ஹேரி என்று ஒரு சிற்பி. குதிரையேறும் உருவம் செய்கிறான், சுரங்கத் தொழிலாளியைச் செய்கிறான், பனிச்சறுக்கில் ஆடும் பெண்ணைச் செய்கிறான். காலரிக்காரர்கள், அதாவது கலைக்காட்சிக்கூடம் நடத்துகிறவர்கள், யாரும் அவனைச் சீந்தவில்லை. அங்கே வேறு மாதிரி, புரியாத நாகரிகச் சரக்குக்குத்தான் இடம். ஹேரி செத்துப்போகிறான். செத்த பிறகு எல்லாரும் வந்து மொய்க்கிறார்கள், அவனுடைய உருவங்களுக்கும் காலரியில் இடம் கிடைக்கிறது. இது கற்பனை ஆள் இல்லை. லீட்ஸ் நகரத்துச் சிற்பி ஹேரி ஃபிலிப்ஸ். அவருடைய மகன் ஸ்டீவ் ஃபிலிப்ஸும் மார்க்கும் இளவயதில் லீட்ஸில் சேர்ந்து கிடார் வாசித்தவர்கள். இது உறுதியான செய்தி. இதற்கு மேல் நான் சொல்லப்போவது என் யூகம்: 'சுல்தான்ஸ்' பாட்டும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாட்டில், மழை ராத்திரியில் காலியான மதுக்கடையில் நாலு பேருக்கு முன்னால் ஒரு ஜாஸ் குழு வாசிக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, அவர்களும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டெப்ட்ஃபோர்டில் மார்க் கண்ணால் பார்த்த காட்சி அது. அங்கே கவனிக்கப்படாதவனின் சந்தோஷம், இங்கே கவனிக்கப்படாதவனுக்காக இன்னொருவன் படுகிற ஆத்திரம். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால், ஏதோ வாசிப்பதே போதும் என்று அவன் சொல்கிற மாதிரி ஆகிவிடும். அடுத்த பாட்டிலேயே "போதாது" என்கிறான்.

நம் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போய் அந்தத் தூண் சிற்பங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு இது உறைக்கும். கல்லில் நரம்பு தெரிகிறது, நகம் தெரிகிறது என்று வியந்து படம் எடுத்துக்கொள்கிறோம். கட்டியது நாயக்கர் காலம் என்று பெருமையாகச் சொல்கிறோம். செதுக்கியவனின் பெயரைக் கேட்டுக்கொண்டு யாரும் அங்கே நின்றதை நான் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. சரி, பாட்டுக்கு வருவோம். தாளம் ரெகே சாயல். அந்த வருஷங்களில் லண்டன் தெருக்களில் ஜமைக்கா இசை எங்கும் கேட்டது. பேஸ் கிடார்தான் பாட்டைத் தூக்கி நடத்துகிறது, கிடார் இடையிடையே குத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கடைசியில் பாட்டு ஓய்ந்து கிடார் தனியாக நீளும்போது, குரலில் வராத கோபம் அங்கே வருகிறது. அப்போதும் கத்தாது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

'வைல்ட் வெஸ்ட் எண்ட்' லண்டனின் சோஹோ, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ தெருக்களில் ஒருவன் நடந்துபோவது. காப்பிக் கொட்டை வாங்க ஏஞ்ஜலூச்சி கடைக்குப் போகிறான், பத்திரிகை புரட்டுகிறான், கிடாருக்கு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்று வாங்குகிறான், 19ஆம் எண் பஸ்ஸின் பெண் கண்டக்டரை ரசிக்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது, அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாய் வந்தவன் கண்ணுக்கு எல்லாமே நிகழ்ச்சி. காப்பிக் கொட்டையைச் சொல்லி ஆரம்பிக்கிற அந்தத் துணிச்சல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நேஷனல் கிடார் இதிலும் இருக்கிறது, பின்னணியில் வெள்ளிக் கொலுசு மாதிரி.

கடைசிப் பாட்டு 'லயன்ஸ்'. டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் சிங்கச் சிலைகள். அழுக்கான நகரத்தின் மேல் சூரியன் இறங்குகிறது, குருவிக் கூட்டம் சுழல்கிறது, மாலை ஆராதனைக்கு ஆள் சேர்க்கச் சர்ச் மணி விடாமல் அடிக்கிறது, யாரும் போகிறதாகத் தெரியவில்லை. ஒரு பெண் தனியாகச் சதுக்கத்தைக் கடந்து வீட்டுக்குப் போகிறாள், குடிகாரக் கிழவன் ஒருவன் அவளைப் பயமுறுத்துகிறான். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்து மணியைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த மணி வரியில் தொண்டை அடைத்தது, இத்தனைக்கும் எங்கள் மணிக்கு ஆள் வருவார்கள். பெரும்பாலானோர் 'லயன்ஸ்' பாட்டை மெட்டில்லாத பாட்டு என்று ஒதுக்குகிறார்கள். மெட்டு சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றங்கரையில் தொடங்கிய ஆல்பம், முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த நகரச் சதுக்கத்தில் வந்து முடிகிறது. இதைத் திட்டம் போட்டுத்தான் வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. வரிசையாகக் கேட்டால் அப்படித்தான் விழுகிறது.

வாசித்துப் பழகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகளை 'சுல்தான்ஸ்' பக்கம் முதல் வருஷம் நான் விடுவதில்லை. அதன் கடைசி வேகப் பகுதியை மட்டும் யூடியூபில் பார்த்து, விரலைச் சுளுக்கிக்கொண்டு வருவார்கள். வேகம் இருக்கும், பாட்டு இருக்காது. நீங்கள் 'சிக்ஸ் பிளேடு நைஃப்' பாட்டில் ஆரம்பியுங்கள். அதில் கஷ்டம் சும்மா இருப்பதுதான். பிக்கை எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, கட்டைவிரலை மேலே உள்ள தடித்த கம்பிகளுக்கும், மற்ற இரண்டு விரலையும் கீழ்க் கம்பிகளுக்கும் பழக்குங்கள். அப்புறம் 'வாட்டர்லைன்'. ஆனால் மார்க் வாசிப்பதை விட்டுவிட்டு, டேவிட் வாசிக்கும் ரிதம் பகுதியை முதலில் எடுங்கள். ஹெட்போனில் இரண்டு கிடாரையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால், "எல்லாம் ஒரே மாதிரி" என்ற புகார் தானாகவே போய்விடும். ஆம்ப் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சத்தம் அதிகமிருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும்.

சத்தத்தின் சூட்சுமம் என்று இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். அதில் உறுதியானது இவ்வளவுதான்: ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப் உண்டு, இரண்டை ஒரே நேரத்தில் இயக்கினால் அந்த மெலிந்த, மூக்கால் பேசுவது போன்ற இனிமை வரும். 1977க்கு முன்னால் செய்த கிடார்களில் மூன்று நிலை சுவிட்ச்தான். நடுவில் ஓரிடத்தில் அதை நிறுத்திவைத்துத்தான் அந்தச் சத்தத்தை எடுக்க வேண்டும். மார்க் வாசித்த சிவப்புக் கிடார் அறுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. ஆனால் எந்தப் பாட்டில் சுவிட்ச் எங்கே இருந்தது என்று அடித்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. அது காதால் போடுகிற கணக்கு. சாமான் வாங்கிக் குவித்தால் அந்தச் சத்தம் வந்துவிடும் என்று நினைத்துக் காசைக் கரைத்த பையன்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.

எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது என்றேனே, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இந்த ஆல்பத்தை 60 நிமிஷ கேசட்டில் பதியக் கொடுத்தேன். ஆல்பம் மொத்தம் 41 நிமிஷம் சொச்சம். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்குக் கேசட்டின் ஒரு பக்கம் என்று பிரித்திருந்தால் அழகாக அடங்கியிருக்கும். ஆனால் டேப்பைக் காலியாக விட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று, கடைக்காரர் நிறுத்தாமல் ஓடவிட்டுவிட்டார். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, 'சுல்தான்ஸ்', அப்புறம் 'இன் தி கேலரி'. அதன் கடைசிக் கிடார் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்துவிட்டது. திருப்பிப் போட்டால் நேராக 'வைல்ட் வெஸ்ட் எண்ட்'. மிச்ச இடத்தில் நான் கேட்காத யாரோ இரண்டு குழுக்களின் பாட்டுகள். நானும் அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது, சிற்பி செத்த மாதிரி சட்டென்று அறுந்துபோகிறது, என்ன யோசனை என்று நண்பர்களிடம் மெச்சிப் பேசிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஒருவர் வீட்டில் சி.டி.யில் கேட்டபோதுதான், என் டேப் நின்ற இடத்தைத் தாண்டி கிடார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது, பிளேயரின் பட்டன் தானாக மேலே எழும்பும் 'டக்' சத்தத்துக்கு என் காது ஒரு நொடி காத்திருக்கும்.